ஐந்தாவது ஆள் சேரும் வரை

எங்கள் எஸ்டேட் டிஸ்பென்சரிக்கு உடம்புக்கு முடியாதவர்கள் போவார்கள். உடம்பு நன்றாக இருக்கிறவர்களும் போவார்கள். அவர்களுக்கென்று நர்சம்மா வைத்திருந்த மருந்து ஒன்றுதான். எதிரே கிடக்கும் பெஞ்சைக் காட்டி, "உக்காந்து சொல்லுங்க" என்பார். சொல்லி முடிகிற வரைக்கும் கையில் ஒரு வேலையும் எடுக்க மாட்டார். பஞ்சு சுருட்ட மாட்டார், பாட்டில் துடைக்க மாட்டார். ஒருமுறை நான் ஓட்டுகிற எஸ்டேட் இஞ்சினைப் பற்றி அரை மணி நேரம் பேசிவிட்டு எழுந்திருக்கும்போதுதான் பார்த்தேன், அவருடைய காப்பி ஆறி ஆடை கட்டிக் கிடந்தது.

கண்ணுகளா, இவரைப் பற்றி உங்களுக்கு எழுதி வைக்க வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக நினைப்பு. நம் பெரியவள் இன்றைக்கு நடமாடுகிறாள் என்றால் அதற்கு இந்த அம்மாவின் காதுதான் காரணம். அதை எழுதினால் நான் பண்ணின ஒரு தப்பையும் சேர்த்து எழுத வேண்டும். அதனால்தான் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். அவர் பெயரை எழுதவில்லை. எஸ்டேட்டில் ஒருத்தரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, நானும் கூப்பிட்டதில்லை.

சேலத்திலிருந்து மலைக்கு வேலைக்கு வந்தவர். என்னைவிட ஐந்தாறு வயசு மூத்தவராக இருப்பார். எஸ்டேட்டை வைத்திருந்த வெள்ளைக்காரக் குடும்பம் அதை விற்றுவிட்டுச் சீமைக்குப் போனபோது, அந்த வீட்டுத் துரைசானி ஒரு ரெக்கார்டுப் பெட்டியையும் ஒன்பது ரெக்கார்டுகளையும் இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். மலைப் பனியில் எட்டு ரெக்கார்டு பூசணம் பிடித்து வளைந்துபோயின. ஒன்று மட்டும் தப்பித்தது. ஊசி மருந்து கலக்குகிற தண்ணீரில் பஞ்சை நனைத்து அதை வாரம் ஒரு தடவை துடைப்பார். குழந்தையின் முகத்தைத் துடைக்கிற மாதிரி இருக்கும்.

அந்த ரெக்கார்டு அட்டையில் ஒரு படம். ஐந்து பேர் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். ஆளுக்கு ஒரு வாத்தியம். பார்த்தால் வயலின் மாதிரிதான் தெரியும். ஆனால் தோளில் வைப்பதில்லை. சின்னதோ பெரியதோ, முழங்காலுக்கு நடுவில் நிறுத்தி வில்லால் இழுக்கிறார்கள். வாத்தியத்தின் கழுத்தில் நரம்பைச் சுற்றிச் சுற்றிக் கட்டியிருக்கிறது. இங்கிலீஷ்காரர்கள் முந்நூறு நானூறு வருஷத்துக்கு முன்னால், சாப்பிட்டு முடித்து வீட்டுக்குள் உட்கார்ந்து தங்களுக்காகவே வாசித்துக்கொண்ட சங்கீதம் அது என்று துரைசானி சொன்னாராம். அந்தக் காலத்துச் சங்கீதத்தை இந்தக் காலத்து ஆட்கள் வாசித்துப் பதிந்திருக்கிறார்கள். மேளம் கிடையாது, பாட்டு கிடையாது. முதலில் ஒருத்தர் மட்டும் இழுப்பார். அவர் முடிப்பதற்குள் இரண்டாமவர் அதையே தன் குரலில் ஆரம்பிப்பார். பிறகு மூன்றாமவர், நாலாமவர். கடைசியாக ஐந்தாவது ஆள் அடிவயிற்றிலிருந்து உறுமிக்கொண்டு சேருவார்.

"பாத்தீங்களா, படத்துல ஒருத்தரும் நம்மளப் பாக்கல. அவங்களுக்குள்ளயே பேசிக்கிறாங்க" என்பார் நர்சம்மா.

டிஸ்பென்சரிக்கும் என் இஞ்சின் கொட்டகைக்கும் நடுவில் காப்பிக்கொட்டை காயவைக்கிற களம். அங்கே வேலை செய்கிற பெண்கள் சும்மா இருப்பார்களா?

"ஏனுங் நர்சம்மா, உங்க சீமை வில்லுப்பாட்டுல யாருங்க செத்தது? இந்த அழுவ அழுவறாங்க?"

"யாரும் சாகலீங்க. அஞ்சு பேரு சாவகாசமாப் பேசிட்டு இருக்கறாங்க."

"சண்டைங்களா?"

"சண்டை இல்ல. ஒருத்தரு சொன்னத இன்னொருத்தரு வாங்கிக்கிறாரு."

"அப்ப அது மாமியா மருமவ இருக்கற ஊடு இல்லீங்க!" என்று ஒருத்தி சொல்ல, களமே சிரிக்கும். அவரும் சிரிப்பார். ஆனால் பெட்டியை நிறுத்த மாட்டார். ஊசியை நடுவில் எடுக்கிற பழக்கமே அவருக்குக் கிடையாது. "பேசிட்டு இருக்கறவங்க வாயைப் பொத்தற மாதிரி இருக்குதுங்க" என்பார். புது ஊசி கிடைப்பது கஷ்டம் என்பதால் தேவைக்குத்தான் போடுவார். போட்டால் பக்கம் முடிகிற வரைக்கும் ஓட வேண்டும்.

எனக்கு அந்தச் சங்கீதம் புகை மாதிரி இருந்தது. ஒன்றும் பிடிபடவில்லை. அதைச் சொன்னதற்கு அவர் சொன்னார்: "எல்லாத்தையும் ஒண்ணாப் புடிக்கப் பாத்தா அப்படித்தான். ஒருத்தரப் புடிச்சுக்கங்க. அவரு எங்க போறாரோ கூடவே போங்க. மேல இருக்கறவரு தானா காதுல வுழுவாரு. கீழ உறுமறவரும் வுழுவாரு. நடுவாளுதான் பாவம், அவரத் தேடோணும். இப்ப கேக்குதுங்களா?"

எனக்குக் கேட்கவில்லை. "கேக்குதுங்க" என்றேன். அப்புறம் எத்தனையோ தடவை அப்படிக் கேட்டிருக்கிறார். நானும் எத்தனையோ தடவை "கேக்குதுங்க, நொம்ப நல்லாக் கேக்குதுங்க" என்றிருக்கிறேன்.

அவர் மனுஷர்களையும் அப்படித்தான் கேட்டார். ஒரு நாள் நாலு பெண்கள் அட்டைக் கடியோடு வந்தார்கள். மூன்று பேர் ஒரே சமயத்தில் பேசுகிறார்கள். எந்தக் காட்டில் கடித்தது, எத்தனை அட்டை, மேஸ்திரி என்ன திட்டினான் என்று ஒரே இரைச்சல். வேறு யாராக இருந்தாலும் "ஒவ்வொருத்தராச் சொல்லுங்க" என்று அதட்டியிருப்பார்கள். இவர் அதட்டவில்லை. கால்களுக்கு மருந்து போட்டுக்கொண்டே தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்ததும் நாலாவது பெண்ணிடம் திரும்பி, "நீ இரு கண்ணு" என்றார்.

அவள் அதுவரை பேசினதே ஒரு வார்த்தைதான். "ஆமாங்க" என்று சொன்னாள். அந்த ஒரு வார்த்தையை நடுவில் மூச்சு வாங்கி இரண்டாக உடைத்துச் சொன்னாள் என்பது நர்சம்மாவுக்கு மட்டும்தான் கேட்டிருக்கிறது. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் வெள்ளைத் துணி மாதிரி இருக்கிறது, ஒரு சொட்டு ரத்தம் இல்லை. மூன்று மாசம் மாத்திரையும் கீரையுமாகப் பார்த்துத் தேற்றிவிட்டார்.

என் இஞ்சினையும் விட்டுவைக்கவில்லை. அப்போது எங்கள் எஸ்டேட்டுக்குக் கரண்டு லைன் வரவில்லை. நான் ஓட்டுகிற டீசல் இஞ்சின்தான் பல்ப்பரையும் சுற்றும், விளக்குக்குக் கரண்டும் கொடுக்கும். பல்ப்பர் என்பது காப்பிப் பழத்தின் தோலை உரிக்கிற மிஷின். நர்சம்மாவின் பெட்டியும் என் கரண்டில்தான் சுற்றியது. இஞ்சின் வேகமாக ஓடினால் கரண்டு வேகமாகத் துடிக்கும், பெட்டியின் மோட்டாரும் கூடவே வேகமாகச் சுற்றும். இஞ்சின் சோர்ந்தால் அதுவும் சோரும்.

ஒரு தடவை களத்தைத் தாண்டி வந்து, "நேத்து மூணு மணிக்கு உங்க இஞ்சின் ஒரு இழுப்பு இழுத்துதுங்களே, விக்கல் மாதிரி?" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பக்கத்திலேயே நிற்கிற எனக்குத் தெரியாததா என்று நினைத்தேன். "அதெல்லாம் இல்லீங்க" என்று அனுப்பிவிட்டேன். போன பிறகு மனசு கேட்காமல் பில்டரைக் கழற்றினால் அடியில் தண்ணீர். டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறது. அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டேன். அவரிடம் போய்ச் சொல்லவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

டிஸ்பென்சரியில் கடிகாரம் இல்லை. சுவரில் இருந்தது நின்று எத்தனையோ காலம் ஆகிவிட்டது. வேறு கேட்டு எழுதினால் மேனேஜர், "நேரத்துக்கு நேரம் சங்கு ஊதறோமே, அது பத்தாதா?" என்றார். நர்சம்மாவின் கைக்கடிகாரம் ஒண்டிக்கடை பஜாருக்கு ரிப்பேருக்குப் போய், "அடுத்த வாரம் வாங்க" என்பதிலேயே நின்றது. ஆனால் சளி பிடித்த குழந்தைக்கு மூச்சு எண்ணியாக வேண்டும். ஒரு வயசுக்குள் இருக்கிற குழந்தை நிமிஷத்துக்கு ஐம்பதுக்கு மேல் மூச்சு வாங்கினால் மலையில் வைத்திருக்காதே, உடனே கீழே அனுப்பு என்று அவருக்குப் பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கும் மேனேஜர் ஓர் உத்தரவு போட்டிருந்தார். எண்ணிக்கை எழுதின சீட்டு இல்லாமல் எஸ்டேட் ஜீப் சேலத்துக்கு இறங்கக் கூடாது.

அவர் கண்டுபிடித்த வழி இதுதான். எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டரிடம் வாட்ச் வாங்கி ரெக்கார்டைப் போட்டுப் பார்த்திருக்கிறார். முதல் ஆள் ஆரம்பித்ததிலிருந்து ஐந்தாவது ஆள் சேரும் வரை சரியாக அரை நிமிஷம். மூன்று தடவை போட்டும் அரை நிமிஷம். அதிலிருந்து அதுதான் கடிகாரம். ஊசியை வைப்பார், குழந்தையின் நெஞ்சில் குழாயை வைப்பார், ஐந்தாவது ஆள் உறுமுகிற வரைக்கும் மூச்சை எண்ணுவார், இரண்டால் பெருக்குவார். சங்கீதம் கேட்டு அழுகை நிற்பதால் எண்ணவும் தோது. மலையில் வேறு எந்த டிஸ்பென்சரியிலும் இப்படி நடந்திருக்காது.

அது மார்கழி மாசம். பழம் ஒரேயடியாகப் பழுத்துவிட்ட வருஷம். மத்தியானம் மூன்று மணிக்கெல்லாம் பல்ப்பர் வாசலில் மூட்டைகள் மலை மாதிரி நின்றன. மேஸ்திரி வந்து, "இந்த ஓட்டத்துல ஓட்டுனா நாளைக்கும் முடியாதப்பா. கொஞ்சம் முடுக்கி வுடு. மேனேஜரே சொல்லிட்டுத்தான் டவுனுக்குப் போயிருக்காரு" என்றான்.

இஞ்சினில் கவர்னர் என்று ஒரு திருகு உண்டு. வேகத்தைக் கட்டி வைத்திருப்பது அதுதான். அதில் கை வைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். இரண்டு சுற்று முடுக்கினேன். பல்ப்பர் பறந்தது. பல்பு கொஞ்சம் வெளுப்பாக எரிந்தது. மேஸ்திரிக்குச் சந்தோஷம், எனக்கும்தான்.

அதே நேரத்தில் உங்கம்மா பெரியவளைத் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரியில் உட்கார்ந்திருந்தாள். பாப்பாவுக்கு அப்போது ஏழு மாசம். காலையிலேயே, "பாப்பாவுக்கு நெஞ்சு கர்ருங்குதுங்க" என்று என்னிடம் சொன்னாள். "சாயந்திரம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்தவன் நான். அவள் பொறுக்காமல் கிளம்பிவிட்டாள். எனக்குத் தெரியாது.

நர்சம்மா ரெக்கார்டைப் போட்டு எண்ணியிருக்கிறார். ஐந்தாவது ஆள் சேரும்போது இருபத்து நாலு. நிமிஷத்துக்கு நாற்பத்தெட்டு.

"பக்கத்துல வந்து நிக்குது. ஆனா தாண்டல. பயப்படாதீங்க கண்ணு. இந்த மருந்தக் குடுங்க, காத்தால மறுபடி கொண்டாங்க" என்று உங்கம்மாவை அனுப்பிவிட்டார்.

ரெக்கார்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதுவரை அவருடைய காது முழுக்கக் குழந்தையின் நெஞ்சில் இருந்தது. குழந்தை போன பிறகு காது வழக்கம்போல நடுவாளிடம் போயிருக்கிறது. நடுவாள் வழக்கமான இடத்தில் இல்லை.

அந்த அம்மா ஓடி நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கு ஓடி வந்தார். களத்தைச் சுற்றி வராமல், காயவைத்த கொட்டைமேலேயே மிதித்துக்கொண்டு வந்தார். "ஐயோ நர்சம்மா, காப்பிக்கொட்டைங்க!" என்று பெண்கள் கத்தினார்கள்.

"இஞ்சின என்னங்க பண்ணுனீங்க?"

"ஒண்ணும் பண்ணலீங்க" என்றேன்.

"எதையும் தொடலீங்களா?"

"இல்லீங்க. எப்பவும் போலத்தான் ஓடுது."

மேஸ்திரி பல்லைக் காட்டினான். "ஏனுங்க, பாட்டுப் பொட்டி ரிப்பேருங்களா? அதுக்கு இஞ்சினு என்னங்க பண்ணும்?"

அவர் அவன் பக்கம் திரும்பவே இல்லை. என்னையே பார்த்தார். "அவங்க அஞ்சு பேரும் ஓடறாங்க. நடுவாளு மூச்சு வாங்கக்கூட நிக்காம ஓடறாரு. அஞ்சாவது ஆளு அரை நிமிசம் ஆகறதுக்குள்ள வந்துட்டாரு. நான் அத நம்பி உங்க பாப்பாவுக்கு மூச்சு எண்ணி அனுப்பிட்டேங்க."

என் குழந்தை அங்கே போனதே அப்போதுதான் எனக்குத் தெரியும்.

"ரெண்டு சுத்து முடுக்குனேங்க" என்றேன்.

அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. "ஒருத்தரு போயி பாப்பாவக் கூட்டியாங்க. நீங்க இஞ்சினப் பழையபடி கொண்டாங்க. நான் சொல்றப்ப திருகறத நிறுத்துங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினார்.

இரண்டு சுற்றுத் திருப்பினால் முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. முடுக்கின ஸ்பிரிங் பழைய இடத்துக்கு அப்படியே திரும்பாது. வாட்ச் வைத்திருந்த ரைட்டர் மேனேஜரோடு அவர் காரில் டவுனுக்குப் போய்விட்டார். மேஸ்திரி கையில் ஒரு வாட்ச் உண்டு, கல்யாணத்துக்குப் போட்டது. அன்றைக்கே நின்றுவிட்டதாம். ஆக, பழைய வேகம் எது என்று அந்த எஸ்டேட்டில் தெரிந்த ஒரே இடம் நர்சம்மாவின் காதுதான். எண்ணாத நம்பரை அவர் சீட்டில் எழுதவும் மாட்டார்.

அதற்குள் பனி இறங்கிவிட்டது. டிஸ்பென்சரி வாசல் எனக்குத் தெரியவில்லை. களத்துப் பெண்கள் ஐந்து பேர், ஒருத்தரும் சொல்லாமலே, கொட்டை கிளறுகிற பலகைகளைப் போட்டுவிட்டு வாசலிலிருந்து கொட்டகை வரைக்கும் இடைவெளி விட்டு நின்றுகொண்டார்கள். சீமை வில்லுப்பாட்டு என்று கேலி பண்ணினவள்தான் வாசலோரம் நின்றாள்.

"இன்னும் ஓடறாங்களாம்! கொறைக்கச் சொல்றாங்க!"

நான் திருகைத் தளர்த்தினேன்.

"இப்பத் தூங்கறாங்களாம்! ஏத்துங்க!"

ஏற்றினேன். கை வழுக்கியது.

"ஒரு நூலு கொறைங்க! ஒரே நூலு!"

அரைக்கால் சுற்று. அப்புறம் பனிக்குள்ளிருந்து, "நில்லுங்க! வந்துட்டாராம்! நடுவாளு வந்துட்டாராம்!"

உங்கம்மா பாப்பாவோடு உள்ளே போய்விட்டாள் என்றும், பக்கம் முடிந்து நர்சம்மா ரெக்கார்டை மறுபடி போட்டுவிட்டார் என்றும் சொன்னார்கள். நான் இஞ்சினை விட்டு நகரவில்லை. நகர்ந்தால் அது மறுபடி ஓடிவிடுமோ என்று பயம். கவர்னர் மேலேயே கண்ணை வைத்துக்கொண்டு நின்றேன். அந்த அரை நிமிஷம் எவ்வளவு நீளம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வாசலோரத்தில் இருந்தவள் முதலில் சொன்னாள்: "இருபத்தேழு." அவள் முடிப்பதற்குள் அடுத்தவள், "இருபத்தேழு." பிறகு மூன்றாவது குரல், நாலாவது. கடைசியாக என் கொட்டகை வாசலில் நின்ற வயசான பெண், தொண்டை கட்டின குரலில், "இருபத்தேழாமுங்க" என்றாள்.

ஐம்பத்து நாலு.

சீட்டு எழுதி ஜீப் கிளம்பிவிட்டது. நானும் உங்கம்மாவும் ஏறினோம், நர்சம்மாவும் ஏறிக்கொண்டார். இருபது கொண்டை ஊசி வளைவிலும் பாப்பாவின் நெஞ்சில் குழாயை வைத்தபடியே வந்தார். சளி நுரையீரலுக்கு இறங்கிவிட்டது என்றும், பொழுதோடு கொண்டுவந்ததால் ஆயிற்று, நாளைக் காலை என்றால் சொல்வதற்கில்லை என்றும் கீழே டாக்டர் சொன்னார். ஒன்பது நாள் ஆஸ்பத்திரி.

நாங்கள் திரும்பி வருவதற்குள் அவர் என் கவர்னர் திருகில், வாய்ப்புண்ணுக்குத் தடவுகிற ஊதா மருந்தால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். மேனேஜரிடம் என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சுவர்க் கடிகாரத்துக்கு மட்டும் மறுபடி எழுதிப் போட்டிருந்தார். இந்தத் தடவை, கொஞ்ச நாள் கழித்து வந்தது.

மலை ஏறின மறுநாள் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போனேன். கும்பிட்டால் அவருக்குப் பிடிக்காது. பெஞ்சைக் காட்டினார். உட்கார்ந்தேன்.

"அன்னைக்கி நான் பொய் சொல்லிட்டேங்க" என்றேன்.

"தெரியுங்க."

"எப்படீங்க?"

"ஒண்ணும் பண்ணலீங்கன்னு சொன்னீங்க பாருங்க, அதுவும் வெரசாத்தான் இருந்துச்சு."

பிறகு பாப்பாவின் நெஞ்சில் குழாயை வைக்க ரெக்கார்டைப் போட்டார். எண்ணி முடித்தார். நிமிஷத்துக்கு முப்பத்தாறு. முகம் மலர்ந்துவிட்டது. ரெக்கார்டு ஓடிக்கொண்டே இருந்தது. பாப்பா வாயைத் திறந்தபடி அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கம்போல அவர் என் பக்கம் சாய்ந்து கேட்டார்:

"நடுவாளு கேக்குதுங்களா?"

"இல்லீங்க" என்றேன். "ஒரு நாளும் கேட்டதில்லீங்க."

அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "அதுவும் தெரியுங்க" என்றார். அப்புறம் கையை நீட்டி, ஒரு நாளும் செய்யாத வேலையைச் செய்தார். பாதியில் ஓடிக்கொண்டிருந்த ரெக்கார்டின் மேலிருந்து ஊசியைத் தூக்கி, ஆரம்பத்தில் வைத்தார்.

"அப்ப மொதல்ல இருந்து வரட்டும். நீங்க இருங்க, போயிராதீங்க."